சைனஸ் புற்றுநோய்: உயிர் பிழைப்பது எதைப் பொறுத்தது?

சைனஸில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் கூட வந்தவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "பிழைச்சுக்குவாரா டாக்டர்?" அன்று இரவே வீட்டில் யாராவது செல்போனில் தேடி ஒரு சதவீதத்தையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளின் கணக்குப்படி, மூக்குக் குழியிலோ சைனஸிலோ புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள். அதே வயதுடைய மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு இது. கட்டி தோன்றிய இடத்திலேயே அடங்கியிருந்தால் 80 சதவீதத்துக்கும் மேல். பக்கத்து உறுப்புகளுக்கோ கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கோ போயிருந்தால் சுமார் பாதி.

இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரைப் பற்றி இவை மிகக் குறைவாகத்தான் சொல்லும். சைனஸ் புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயரே இல்லை. ஒரு சின்ன இடத்துக்குள் தோன்றும் பத்துக்கும் மேற்பட்ட நோய்களை அந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். அவற்றில் சில பதினைந்து ஆண்டுகள் மெதுவாக ஊர்ந்து செல்பவை. சில ஆறு மாதத்தில் ஆளையே கொண்டுபோய்விடும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் யாருக்கும் சரியாகப் பொருந்தாது. அதனால் சதவீதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேட்கச் சொல்வேன். கட்டி எங்கே இருக்கிறது? எந்த வகைச் செல்லிலிருந்து வந்தது? முதல் சிகிச்சை எங்கே, எப்படி நடக்கப் போகிறது? வயது, உடல்நிலை போன்றவையும் முக்கியம்தான். ஆனால் பெரும்பகுதியை முடிவு செய்வது இந்த மூன்றும்தான்.

காற்று அடைத்த அறைகள்

சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. மூக்கின் இரண்டு பக்கமும் நான்கு நான்காக இவை இருக்கின்றன. கன்ன எலும்புக்குள் இருப்பதுதான் பெரியது, பெரியவர்களுக்கு சுமார் 15 மில்லி கொள்ளளவு. இரண்டு கண்களுக்கும் நடுவில் தேன்கூடு போலச் சிறுசிறு அறைகளாக இன்னொரு தொகுதி. நெற்றியில் ஒன்று, மண்டையின் நடுவே மூக்குக்குப் பின்னால் ஒன்று. சைனஸ் புற்றுநோயில் பெரும்பகுதி கன்னத்து அறையில் வருகிறது. அடுத்தது கண்களுக்கு நடுவிலுள்ள தேன்கூட்டு அறைகள். நெற்றியிலும் நடுமண்டையிலும் தொடங்குவது மிக அரிது.

அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இந்த நோயின் சிக்கல் பாதி புரிந்துவிடும். கன்னத்து அறையின் தரைக்குக் கீழே மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள். அதன் கூரைதான் கண்குழியின் தரை. உட்சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கு. பின்சுவரைத் தாண்டினால் தாடையை அசைக்கும் தசைகளும், மண்டைக்குள் ஏறிப் போகும் நரம்புகளும். தேன்கூட்டு அறைக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. மருத்துவ நூல்களில் அதற்கு வைத்திருக்கும் பெயரே காகிதத் தகடு என்ற பொருள் தருவதுதான். அந்த அறைகளை ஒட்டி, மூக்கின் கூரையாக ஒரு சல்லடை எலும்பு இருக்கிறது. வாசனை நரம்பின் இழைகள் அதன் ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. அதற்கு மேலே மூளையின் உறை, அப்புறம் மூளை.

ஆக, கட்டி வளர உள்ளே தாராளமான காலி இடம் இருக்கிறது. அந்த இடம் நிரம்பும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. நிரம்பிய பிறகு அது எந்தச் சுவரை உடைத்தாலும் அந்தப் பக்கம் ஒரு முக்கியமான உறுப்பு காத்திருக்கிறது.

மூக்கடைப்பு என்று கழியும் மாதங்கள்

இந்த நோயின் ஆரம்ப அறிகுறிகள் சாதாரண சைனஸ் தொல்லையைப் போலவே இருக்கும். மூக்கடைப்பு, சளி, முகத்தில் ஒரு கனம். நம் ஊரில் பீனிசம் என்பார்கள். ஆவி பிடிப்பது, மூக்குச் சொட்டு மருந்து, ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக், அதற்கும் கேட்கவில்லையென்றால் இன்னொரு கோர்ஸ் என்று போகும். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராத புற்றுநோய் இது. சாதாரண சைனஸ் அழற்சியோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. எந்த மருத்துவரும் முதலில் சாதாரணமானதைத்தான் நினைப்பார்.

இரண்டுக்கும் வித்தியாசம் காட்டும் சில அடையாளங்கள் உண்டு. சாதாரண சைனஸ் தொல்லை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், வரும், போகும். புற்றுநோய்க் கட்டி ஒரே பக்கம் அடைக்கும், குறையவே குறையாது. சளியில் ரத்தக் கீற்று வரும். கன்னத்திலோ மேலுதட்டிலோ ஒரு மதமதப்பு இருக்கும், சவரம் செய்யும்போது அந்த இடம் மரத்துப்போன மாதிரி தெரியும். கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பைக் கட்டி தொட்டுவிட்டது என்பதற்கு அது அறிகுறி. ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, ஒரு கண் லேசாக முன்னால் தள்ளியிருப்பது, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவது எல்லாம் இன்னும் பின்னால் வருபவை.

பல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கன்னத்து அறைக் கட்டி கீழ்நோக்கி வளர்ந்தால் முதலில் தெரிவது பல்லில்தான். சொத்தை இல்லாத நல்ல கடைவாய்ப் பல் திடீரென்று ஆடும். நேற்றுவரை சரியாக உட்கார்ந்த பல்செட் இன்று உட்காராது. பல்லைப் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாது, அதிலிருந்து சதை வளரும். அதனால் ஒரு பல் மருத்துவர் "இந்தப் பல் ஆடுவதற்குக் காரணமே இல்லையே" என்று ஒரு நிமிடம் யோசித்து ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், அது ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடிய முடிவு. இந்த நோயைப் பொறுத்தவரை பல் மருத்துவர்களின் பங்கு போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

முதல் அறிகுறிக்கும், கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கும் நடுவில் பல மாதங்கள் ஓடிவிடுவதால்தான் பெரும்பாலானவர்கள் நோய் முற்றிய நிலையில் வருகிறார்கள். இந்தியாவில் கன்னத்து அறைப் புற்றுநோயோடு பெரிய மருத்துவமனைகளுக்கு வருபவர்களில் மிகப் பலர் மூன்றாம், நான்காம் நிலையில் இருப்பவர்கள். நடுத்தர வயதைக் கடந்த ஒருவருக்கு ஒரே பக்கம் மூக்கடைப்போ ரத்தக் கசிவோ சில வாரங்கள் தொடர்ந்து இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்க்கச் சொல்வது பயந்த சுபாவம் அல்ல. சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனை அது.

ஆங்கிரனின் கோடு

1933ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு மருத்துவர் ஆங்கிரன் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். பக்கவாட்டில் முகத்தைப் பார்த்து, கண்ணின் உள்மூலையிலிருந்து கீழ்த்தாடையின் பின்கோணம்வரை ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். கன்னத்து அறையை அது இரண்டாகப் பிரிக்கும். கோட்டுக்கு முன்னும் கீழுமாக இருக்கும் கட்டிகள் பிழைக்க வாய்ப்பு அதிகம் உள்ளவை. பின்னும் மேலுமாக இருப்பவை மோசமானவை.

சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் கனவில்கூட இல்லாத காலத்தில் வரைந்த கோடு அது. இன்றும் அதன் அடிப்படை நிற்கிறது. முன்பக்கக் கட்டி பல்லை ஆட்டும், கன்னத்தை வீங்க வைக்கும், அண்ணத்தில் புடைப்பாகத் தெரியும். ஆகவே சீக்கிரம் பிடிபடும். வெட்டி எடுக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்து எடுக்க இடமிருக்கும். பின்பக்கக் கட்டி சத்தமில்லாமல் கண்குழியின் முனைக்கும் மண்டை அடித்தளத்துக்கும் போய்விடும். அங்கே ஒரு மில்லிமீட்டர் அதிகம் வெட்டுவதற்கும் மருத்துவர் யோசிக்க வேண்டும்.

இன்றைய நிலைப் பிரிப்பும் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. கன்னத்து அறைக் கட்டி உள்சவ்வோடு நின்றால் டி1. எலும்பை அரித்து அண்ணத்துக்கோ மூக்கின் நடுப்பகுதிக்கோ வந்தால் டி2. பின்சுவரையோ கண்குழியின் தரையையோ தொட்டால் டி3. கன்னத்துத் தோல், கண்குழியின் முன்பகுதி, சல்லடை எலும்பு வரை போனால் டி4ஏ. கண்குழியின் முனை, மூளை உறை, மூளை என்று போய்விட்டால் டி4பி. இந்தக் கணக்கில் கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பது வராது. எந்தச் சுவரைத் தாண்டியது என்பதுதான் வரும். மார்பகப் புற்றுநோயில் அளவைச் சொல்லிப் பழகியவர்கள் இங்கேயும் "எவ்வளவு பெரிசு?" என்று கேட்பார்கள். சைனஸில் கேட்க வேண்டியது "எதைத் தொட்டிருக்கிறது?" என்பது.

கண் விஷயத்தில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் கண்குழியின் எலும்பு அரிபட்டிருந்தாலே கண்ணையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கண்குழி எலும்புக்கு உட்புறம் ஒரு கெட்டியான உறை இருக்கிறது. கட்டி வளர்வதை அது நெடுநாள் தடுத்து நிற்கும். உறையைத் தாண்டிக் கொழுப்புக்குள்ளோ கண் தசைக்குள்ளோ கட்டி போகாதவரை கண்ணை விட்டுவைப்பதால் ஆயுள் குறைவதில்லை என்பது பல மருத்துவ மையங்களின் அனுபவம். உறையைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கதை வேறு.

கழுத்துக் கணுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாய்ப் புற்றுநோயோடு ஒப்பிட்டால் இதில் கணுப் பரவல் குறைவு, கண்டுபிடிக்கும்போது பத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும். இருந்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு சட்டென்று சரிகிறது. கட்டி அண்ணத்துக்கோ ஈறுக்கோ இறங்கியிருந்தால் கணுவுக்குப் போகும் வாய்ப்பும் கூடும்.

எந்தச் செல்?

இடத்துக்கு அடுத்தபடி, சில நேரம் இடத்தையும் மீறி, விதியை எழுதுவது செல்லின் வகை. பயாப்ஸி அறிக்கையில் இருக்கும் அந்த நீண்ட பெயரை வீட்டார் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டும்.

அதிகம் வருவது தட்டைச் செல் வகை. வாயிலும் தொண்டையிலும் வரும் அதே வகைதான். இதில் ஒரு பகுதி, முதலில் சாதாரணமாகத் தோன்றும், பாப்பிலோமா என்ற மருப் போன்ற கட்டியிலிருந்து மாறி வருகிறது. சதை வளர்ச்சி என்று மூக்கிலிருந்து எதை எடுத்தாலும் அதைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். எச்.பி.வி. வைரஸ் சார்ந்து வரும் தட்டைச் செல் கட்டிகள் சிகிச்சைக்கு நன்றாகப் பணிகின்றன என்பதும் தெரிய வந்திருக்கிறது.

சுரப்பிச் செல் வகைக்குப் பின்னால் ஓர் ஊரின் கதை இருக்கிறது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் என்ற ஊர். சுற்றிலும் பீச் மரக் காடு, தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்கிற ஊர். அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட், தன்னிடம் வரும் மூக்குப் புற்றுநோயாளிகளில் மரச்சாமான் தொழிலாளர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்தார். அவரும் ஆக்ஸ்ஃபோர்டின் மெக்பெத், ஏச்சிசன் முதலியோரும் சேர்ந்து 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை எழுதினார்கள். மரத்தூளைச் சுவாசித்தவர்களுக்குத் தேன்கூட்டு அறைகளில் ஒரு தனி வகைச் சுரப்பிச் செல் புற்றுநோய் வந்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் குடல் புற்றுநோய் போலவே இருக்கும். தூளைச் சுவாசிக்கத் தொடங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூட வரும். அப்புறம் நார்த்தாம்ப்டன்ஷயரின் காலணித் தொழிலாளர்களிடமும் இது கண்டறியப்பட்டது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. தோல் தூளும் அதே பட்டியலில் இருக்கிறது.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழில் என்ன என்று ஒரு மருத்துவர் கேட்பதே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி. தச்சுப் பட்டறையில் முப்பது வருஷம் இழைப்புளி பிடித்தவர் ஒரு பக்கம் மூக்கடைப்போடு வந்தால், அவருடைய மூக்கடைப்பு மற்றவர்களுடையதைப் போல அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி காலணித் தொழிற்சாலைகளில் தோலை வெட்டி, தேய்த்து வேலை செய்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தூளை உறிஞ்சும் இயந்திரமும் சரியான முகமூடியும் முதலாளி போடும் பிச்சை அல்ல, தொழிலாளியின் உரிமை. இந்த வகைக் கட்டி கழுத்துக்கும் நுரையீரலுக்கும் அதிகம் போவதில்லை. ஆனால் தோன்றிய இடத்திலேயே திரும்பத் திரும்ப வரும், மேலே சல்லடை எலும்பைத் துளைக்கும். முழுதாக எடுத்துவிட்டால் பலன் தட்டைச் செல் வகையைவிடச் சற்று நன்றாகவே இருக்கிறது.

அடினாய்டு சிஸ்டிக் என்ற வகை உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களிலிருந்து வருவது. ஐந்தாண்டுச் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்களை ஏமாற்றும் கட்டி இது. ஐந்தாண்டுக் கணக்கு நன்றாக இருக்கும், பத்தாண்டுக் கணக்கு இறங்கும், பதினைந்தாண்டுக் கணக்கு இன்னும் இறங்கும். நரம்பைப் பிடித்துக்கொண்டு, கொடி பந்தலில் ஏறுவது போல மண்டைக்குள் ஏறிப் போவது இதன் குணம். ஸ்கேனில் சுத்தமாகத் தெரியும் இடத்தையும் தாண்டி நரம்பிழைக்குள் செல்கள் இருக்கும்.

வாசனை நரம்பின் பகுதியில் தோன்றும் ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா, 1924இல் பிரான்சில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தக் கூட்டத்தில் ஓரளவு நல்ல பிள்ளை என்று சொல்லலாம். ஐந்தாண்டு பிழைப்போர் பெரும்பான்மை. எதிர்க்கோடியில் இருப்பது மூக்குச் சவ்வின் நிறமிச் செல்களில் வரும் மெலனோமா. மூக்குக்குள் சின்னதாக ஒரு கரும்புள்ளியாக இருந்தாலும் நிலைப் பிரிப்பில் அதற்கு முதல் இரண்டு நிலைகளே கிடையாது. நேராக மூன்றில்தான் தொடங்குகிறது, அவ்வளவு மூர்க்கம். ஐந்தாண்டு பிழைப்போர் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. நட் கார்சினோமா என்று இன்னும் அரிதான ஒன்று, இளம் வயதினருக்கும் வருவது, பெரும்பாலும் ஓராண்டைத் தாண்ட விடுவதில்லை.

செல் வகை தெரிந்தால் சிகிச்சையே தலைகீழாக மாறும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்னக். வேறுபடுத்த முடியாத சைனஸ் புற்று என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 1986இல்தான் தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. நீண்ட காலம் இதற்கு முதலில் கத்தி என்றே பலர் நினைத்தார்கள். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 95 நோயாளிகளின் விவரத்தை 2019இல் வெளியிட்டது. எல்லோருக்கும் முதலில் கீமோ கொடுத்தார்கள். கட்டி நன்றாகச் சுருங்கியவர்களில், அறுவை சிகிச்சை இல்லாமல் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, நோயால் இறக்காமல் ஐந்தாண்டு கடக்கும் வாய்ப்பு 81 சதவீதம். அதே போலச் சுருங்கி, பிறகு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு 54. கீமோவுக்குச் சுருங்காதவர்களில் நிலைமை நேர் எதிர்: அறுவை சிகிச்சை செய்தால் 39 சதவீதம், கதிர்வீச்சும் கீமோவுமாக நிறுத்தினால் ஒருவரும் தேறவில்லை. ஒரே நோய், ஒரே மருத்துவமனை. முதல் மருந்துக்குக் கட்டி எப்படிப் பதில் சொன்னது என்று பார்த்து வழியைத் தேர்ந்ததுதான் இந்த வித்தியாசம். இது குலுக்கல் முறையில் பிரித்த சோதனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளியை ஒதுக்கித் தள்ள முடியாது.

ஆக, அறிக்கையில் இருக்கும் பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும். நுண்ணோக்கியில் இந்தக் கட்டிகளில் பல, சின்னச்சின்ன நீலப் புள்ளிகளாக ஒன்றைப் போலவே தெரியும். வாசனை நரம்புக் கட்டி என்று எழுதி அனுப்பப்பட்டது மறுபரிசோதனையில் ஸ்னக்காகவோ மெலனோமாவாகவோ மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் கட்டியாகவோ மாறுவது நிபுணர்களுக்குப் பழகிய விஷயம். நிணநீர்ப் புற்றுநோயும் சைனஸில் வரும், அதற்குக் கத்தியே தேவையில்லை. அதனால் பயாப்ஸி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுவை) வாங்கி, தலை-கழுத்துக் கட்டிகளை அதிகம் பார்க்கும் இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டுவது வீண் செலவு அல்ல. யாரையும் சந்தேகப்படுவதும் அல்ல. ஒரு வாரம் தள்ளிப்போனாலும் செய்ய வேண்டியது இது.

முதல் வாய்ப்பு

சைனஸ் புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தூரத்துப் பரவல் அல்ல, தோன்றிய இடத்தில் கட்டி திரும்ப வருவது. மெலனோமா, ஸ்னக், அடினாய்டு சிஸ்டிக் ஆகியவை இதற்கு விலக்கு. மற்றவற்றில் முதல் முறையே முழுதாக எடுத்தோமா என்பதுதான் கேள்வி.

மண்டை அடித்தளம்வரை போன கட்டிகளை 1950கள் வரை கைவிட்டுவிடுவார்கள். 1963இல் அமெரிக்காவின் கெட்சமும் கூட்டாளிகளும், மேலிருந்து மூளை அறுவை மருத்துவரும் கீழிருந்து முக அறுவை மருத்துவருமாகச் சேர்ந்து கட்டியை ஒரே துண்டாக எடுக்கும் முறையைப் பற்றி எழுதினார்கள். அதன் பலனை அளந்த பெரிய கணக்கு 2003இல் வந்தது. 17 மருத்துவ மையங்கள், 1,307 நோயாளிகள். ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 54 சதவீதம். முன்பு கைவிடப்பட்ட கட்டிகளுக்கு இது பெரிய எண். யார் பிழைக்கிறார்கள் என்பதைத் தனித்தனியாகத் தீர்மானித்த காரணிகள் மூன்று: செல்லின் வகை, கட்டி மூளைப் பக்கம் எவ்வளவு போயிருக்கிறது, வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல் மிச்சம் இருக்கிறதா.

முதல் இரண்டும் நோயாளி வரும்போதே கையோடு கொண்டுவருபவை. மூன்றாவது மட்டும்தான் மருத்துவரின் கையில் இருக்கிறது. அதனாலேயே எங்கே அறுவை சிகிச்சை என்ற முடிவு இவ்வளவு கனமாகிறது. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பார்க்கும் இடத்துக்கும், காது மூக்கு தொண்டை நிபுணர், மூளை அறுவை நிபுணர், கண் மருத்துவர், கதிர்வீச்சு நிபுணர், செயற்கை அண்ணம் செய்யும் பல் மருத்துவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் இடத்துக்கும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டு ஆய்வுகளும் இந்த நோயை அதிகம் பார்க்கும் மையங்களில் பிழைப்போர் அதிகம் என்றே காட்டுகின்றன.

இன்னொன்றையும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஒரு பக்கம் மட்டும் இருக்கும் சதையை "பாலிப்தான்" என்று ஸ்கேன் எடுக்காமல் சுரண்டி எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்துப் புற்றுநோய் என்று அறிக்கை வந்தால், அந்த நோயாளியின் முதல் வாய்ப்பு பாதி போய்விட்டது. எல்லைகள் கலைந்துவிடும், எது கட்டி, எது புண் என்று அடுத்த ஸ்கேனில் பிரிப்பது கஷ்டம். முதலில் சி.டி., எம்.ஆர்.ஐ., பிறகு மூக்கு வழியாகவே பயாப்ஸி. உதட்டுக்கு உள்ளே வெட்டி கன்னத்து எலும்பைத் துளைத்து எடுத்தால் சுத்தமான திசுவிலும் செல்கள் சிந்தக்கூடும்.

இப்போது பல கட்டிகளை முகத்தில் வெட்டே இல்லாமல் எண்டோஸ்கோப் வழியாக எடுக்கிறார்கள். துண்டுதுண்டாக எடுப்பது புற்றுநோய் விதிக்கு விரோதம் இல்லையா என்ற சந்தேகம் ஆரம்பத்தில் பலமாக இருந்தது. காற்றறைக்குள் தொங்கும் பகுதியைக் குறைத்துவிட்டு, கட்டி ஒட்டியிருக்கும் வேரைச் சுற்றி நல்ல எல்லையோடு எடுத்தால் போதும் என்று அனுபவம் காட்டியது. தகுந்தவர்களுக்குச் செய்தால் ஆயுளில் குறைவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளும் குறைகிறது. கன்னத்துத் தோலுக்கோ அண்ணத்துக்கோ கண்ணுக்குள்ளோ போய்விட்ட கட்டிக்கு இது சரிவராது.

அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலானவர்களுக்குக் கதிர்வீச்சு தேவை. அதை ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது தலை-கழுத்துப் புற்றுநோய்களுக்கான பொது விதி. நடைமுறையில் இந்த ஆறு வாரம்தான் கைநழுவுகிறது. புண் ஆறவில்லை, பல் பிடுங்க வேண்டும், காப்பீட்டு அனுமதி வரவில்லை, ஊருக்குப் போய்விட்டு வருகிறோம். அறுவை சிகிச்சைக்கு முன்பே கதிர்வீச்சு மருத்துவரையும் பல் மருத்துவரையும் பார்த்துவிட்டால் இதில் பாதித் தாமதம் வராது.

பக்கத்திலேயே கண் நரம்பும் மூளையும் இருப்பதால், பழைய கதிர்வீச்சு முறைகளில் ஒன்று அளவைக் குறைத்தாக வேண்டும், இல்லையேல் பார்வையைப் பணயம் வைக்க வேண்டும். கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைக் கூட்டிக் குறைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறை வந்த பிறகு கட்டிக்கு 60 கிரேக்கு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் கொடுத்து, கண் நரம்பை 55 கிரேக்குள் காப்பாற்ற முடிகிறது. எக்ஸ்-கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைச் செலுத்தும் புரோட்டான் சிகிச்சை இன்னும் ஒரு படி மேல். 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, புரோட்டான் போன்ற துகள் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டில் அதிகம் பிழைத்திருப்பதாகக் காட்டியது. ஆனால் அதுவும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனை அல்ல. சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் மையம் ஒன்று இயங்குகிறது. செலவு மிகப் பெரியது. எல்லோருக்கும் அவசியமா என்றால் இல்லை. மண்டை அடித்தளத்தை ஒட்டிய கட்டிக்கு, முடிந்தவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அதற்காக வீட்டை விற்கும் முன், நல்ல ஐ.எம்.ஆர்.டி. போதுமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

வயதும் உடல்நிலையும் இங்கே வேறு வழியில் வேலை செய்கின்றன. வயதானவர் என்பதால் கட்டி வேகமாக வளர்வதில்லை. சிகிச்சையைத் தாங்க முடியாமல் நடுவில் நிறுத்த நேர்வதுதான் கெடுதல். கதிர்வீச்சு நடக்கும் ஆறு வாரமும் வாய்ப்புண்ணோடு எடை குறையாமல் சாப்பிட வைப்பது, பீடி சிகரெட்டை நிறுத்துவது, தாடை இறுகிப் போகாமல் தினமும் வாயைத் திறந்து பயிற்சி செய்வது எல்லாம் வீட்டார் பார்த்துக்கொள்ளக்கூடியவை.

நாற்பது ஆண்டில் என்ன மாறியது

ஜெனீவாவின் டுல்குவெரோவும் கூட்டாளிகளும் 2001இல் உலகெங்கும் வெளியான முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1960களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. 1990களில் ஏறத்தாழ பாதி. இந்த முன்னேற்றம் ஏதோ ஒரு புது மருந்தால் வந்ததல்ல. ஸ்கேன் தெளிவானது, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் சேர்ந்தன, செல்களின் பெயர்கள் சரியாகப் பிரிக்கப்பட்டன. முதல் அறிகுறியிலிருந்து பயாப்ஸிவரை ஓடும் அந்த மாதங்கள் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. இருக்கும் சிகிச்சையை வைத்துக்கொண்டே இன்னும் பல உயிர்களைக் காப்பாற்ற இடம் இருப்பது அங்கேதான்.

சிகிச்சை முடிந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. தட்டைச் செல் கட்டி திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். அந்தக் காலத்தில் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள், அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். உப்புத் தண்ணீரால் மூக்கைத் தினமும் கழுவச் சொல்வார்கள். பொருக்கு தட்டாமல் இருந்தால்தான் உள்ளே தெளிவாகப் பார்க்க முடியும். வாசனை நரம்புக் கட்டியும் அடினாய்டு சிஸ்டிக்கும் பத்து வருஷம் கழித்துக்கூட வரும். அடினாய்டு சிஸ்டிக் நுரையீரலில் சிறு முடிச்சுகளாகப் பரவிய பிறகும் பல ஆண்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டு, பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். "அஞ்சு வருஷம் ஆயிடுச்சு, இனிமே வர வேண்டாம்தானே?" என்று அவர்கள் கேட்டால், இல்லை, அடுத்த வருஷமும் வாருங்கள் என்றுதான் மருத்துவர் தேதி எழுதிக் கொடுப்பார்.